விழுந்தவன் கிடக்கணும்

புல்லில் காதை வைத்துப் படுத்தால் ஓடுகிறவன் யாரென்று சொல்லிவிடுவேன். எங்கள் கெப்டனுக்கு இடது கால் கொஞ்சம் கனமாக விழும். கலேவெலயிலிருந்து வருகிற முன்வரிசைக்காரனுடையது குட்டிக் குட்டி அடி, தகரத்தில் மழை தூற ஆரம்பிக்கிற மாதிரி. ஆணி வைத்த சப்பாத்துக்கும் வெறும் கன்வஸ் சப்பாத்துக்கும் உள்ள வித்தியாசம் மண்ணுக்குள்ளிருந்து கேட்டால் இன்னும் துல்லியமாகத் தெரியும். இந்தத் திறமையை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போறீங்க என்று என் மனைவி கேட்கிறாள். நியாயமான கேள்வி. ஒரே ஒரு தடவைதான் அது எனக்குப் பயன்பட்டது.

மாத்தளையில் சம்பளத்துக்கு விளையாடுகிற ஓர் அணியில் நான் பதினொரு வருடம் கோல் காப்பாளனாக இருந்தேன். சம்பளம் என்று சொல்வது மரியாதைக்காக. காலையில் பலாபத்வலப் பக்கம் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்குக் கறுவாப்பட்டையை முகரக் கொடுத்துவிட்டு, மத்தியானத்துக்குப் பிறகு பஸ் ஏறி மைதானத்துக்கு வருவேன். என் கையுறைகளில் எப்போதும் கராம்பு வாசம் அடிக்கும். என் கையிலிருந்து பந்தை வாங்குகிறவர்கள் அதை ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உதைப்பார்கள் என்று கெப்டன் கேலி செய்வான்.

கோலுக்குள் நிற்கிறவனுக்கு உலகம் முதுகுப் பக்கமாகத்தான் தெரியும். பத்துப் பேரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூரத்தில் அலைவார்கள். பின்னேரத்தில் மலையிலிருந்து பனி இறங்கினால் முதலில் எதிரணி மறையும், பிறகு நடுவட்டம், பிறகு எங்கள் ஆட்கள். சில நாட்களில் பந்து மட்டும் எங்கிருந்தோ வரும், நான் பிடித்துத் திருப்பி அனுப்புவேன், அது போய் எங்கோ கரைந்துவிடும். இப்போதும் கனவில் அந்த ஆட்கள் முதுகைக் காட்டியபடிதான் வருகிறார்கள். முதுகைப் பார்த்தே எல்லாரையும் எனக்குத் தெரிகிறது.

முன்பிருந்த பயிற்றுவிப்பாளர் கத்துகிறவர். தோற்றால் யாருடைய பிழை என்று விரலை நீட்டிச் சொல்லுவார். விரல் யார் பக்கம் திரும்பும் என்று பார்த்துப் பார்த்தே எங்களுக்குக் கழுத்து வலித்தது. பஸ்ஸில் முஸ்லிம் பையன்கள் முன்னால், சிங்களப் பையன்கள் நடுவில், தோட்டத்துப் பக்கமிருந்து வந்த நாங்கள் நாலு பேர் கடைசி இருக்கையில். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. சண்டையும் இல்லை. அவரவர் சோற்றுப் பார்சலை அவரவர் பிரித்தோம்.

எங்களை ஒன்றாகக் கட்டிப்போட்டது ஒரே ஒரு விஷயம். அது ஒரு பொய். அந்தப் பொய்யை ஆரம்பித்தவன் நான்.

ஒரு நோன்பு மாதத்தில் மழையால் பிந்தித் தொடங்கிய ஆட்டம் ஒன்று சூரியன் மறைகிற மஃரிப் நேரத்தையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கெப்டன் அப்போது கெப்டன் இல்லை, வலது பின்வரிசையில் விளையாடுகிற, என் வயதுக்காரன். மாத்தளை டவுனில் அவன் வாப்பாவுக்கு மிளகுக் கடை. விடிவதற்கு முன் சாப்பிட்டவன், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் எண்பது நிமிடம் ஓடியிருக்கிறான். பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒலித்தது. நோன்பு திறக்கலாம். ஆனால் ஆட்டம் நிற்க வேண்டுமே. அவன் கோட்டுக்கு வெளியே வைத்திருந்த போத்தலைத் திரும்பிப் பார்த்தான், திரும்பி ஓடினான், மறுபடி பார்த்தான். அந்த முதுகை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அடுத்த பந்தைப் பிடித்ததும் முழங்காலைக் கட்டிக்கொண்டு விழுந்தேன். மத்தியஸ்தர் விசில் ஊதினார். முதலுதவிக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். நோன்பிருந்த ஐந்து பேரும் கோட்டுக்கு ஓடி ஈத்தம்பழமும் தண்ணீருமாக நோன்பு திறந்தார்கள். நான் ஒரு கண்ணைத் திறந்து எல்லாரும் குடித்துவிட்டார்களா என்று பார்த்து, மெல்ல எழுந்தேன்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. நோன்பு மாதத்தில் ஆட்டம் மஃரிப்பைத் தொட்டால் நான் விழுவேன். கலேவெலக்காரன், சிங்களவன், நெல் விதைக்கிற குடும்பம், அவன் ஈத்தம்பழங்களைத் தன் காலுறைக்குள் செருகிக்கொண்டு ஓடுவான். நான் விழுந்ததும் அவற்றை உருவி எடுத்து விநியோகிப்பான். வியர்வையில் ஊறிய பழம். கெப்டன் முகத்தைச் சுளித்துக்கொண்டே வாங்கி வாயில் போடுவான். அந்த ஒரு நிமிடத்தில் மட்டும் முன் இருக்கை, நடு இருக்கை, கடைசி இருக்கை எல்லாம் ஒன்றாகிவிடும். எனக்கு அதில் ரொம்பப் பெருமை. வாழ்க்கையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் என்றுகூட நினைத்திருக்கிறேன்.

இந்த வித்தையை நான் எங்கே படித்தேன் என்பதும் எனக்குத் தெரியும். அம்மா கொழுந்து பறித்த மலையில், பக்கத்து நிரையில் ஒரு கர்ப்பிணிப் பெண் இருந்தால், அம்மாவுக்குத் திடீரென்று வயிற்றுவலி வரும். கூடையோடு உட்கார்ந்து முனகுவாள். கங்காணி அம்மாவிடம் வந்து சத்தம் போடுகிற நேரத்தில் அந்தப் பெண் செடிக்குப் பின்னால் குந்திக்கொள்வாள். பள்ளிக்கூடம் விட்டுச் சாப்பாடு கொண்டுபோன நாட்களில் நான் இதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் யாரும் போய், அவளுக்கு முடியல்லைங்க, கொஞ்சம் உட்காரட்டும் என்று கேட்டதில்லை. கேட்டால் கிடைக்காது என்பது கேட்காமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

புதிய பயிற்றுவிப்பாளர் வந்தபோது நான் முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தேன். மாத்தளை முஸ்லிம்தான். ஐம்பது வயது இருக்கும். மாலைதீவில் பல வருடம் விளையாடியவர். காலில் ஏதோ பழைய காயம், அதனால் எப்போதும் மெத்தென்ற கன்வஸ் சப்பாத்துதான். முதல் நாள் ஏதாவது பேசுவார் என்று வரிசையாக நின்றோம். அவர் மைதானத்தைச் சுற்றி நடந்து, மழைத்தண்ணீர் எங்கெங்கே தேங்கியிருக்கிறது என்று குச்சி விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து, “அந்த மூலைல பந்த உருட்ட வேணாம், தூக்கிப் போடுங்க” என்றார். முதல் உரை அவ்வளவுதான். கடைசி இருக்கைக்காரர்கள் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இவர் ஒரு மாதம் தாங்க மாட்டார் என்று நான் சொன்னேன்.

முதல் ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கித் தோற்றோம். உடை மாற்றும் அறையில் விரலுக்காகக் காத்திருந்தோம். அவர், “முதல் பிழை என்னோடது. நடுவுல ரெண்டு பேர வச்சிருக்கணும், ஒரு ஆளத்தான் வச்சேன்” என்றார். பிறகு தரையில் கிடந்த போத்தல்களைப் பொறுக்கிப் பைக்குள் போட ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து கெப்டன், ரெண்டாவது கோல் தன்னால் வந்தது என்றான். மூன்றாவது என் கைக்குள் புகுந்து போனது, அதை நானும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. பதினொரு வருடத்தில் ஒரு கோலுக்கு நான் வாய் திறந்து பொறுப்பேற்றது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு ராத்திரி எனக்கு அவர் மேல் எரிச்சலாக இருந்தது.

அடுத்து வந்ததுதான் அந்தச் சட்டம். பயிற்சியில் யாராவது பொய்யாக விழுந்தால், விழுந்தவன் அங்கேயே கிடக்க வேண்டும். ஆட்டம் நிற்காது. எந்தப் பக்கமாவது அடுத்த கோல் விழும்வரை எழுந்திருக்கக் கூடாது. யாரும் அவனோடு பேசவும் கூடாது. “விழுந்தவன் கிடக்கணும், அவ்வளவுதான்” என்றார் சிரித்துக்கொண்டே. இது என்ன நர்சரிப் பள்ளிக்கூடமா என்று நான் முணுமுணுத்தேன். அந்த வாரமே, நெருக்கி வந்த ஒருவனிடமிருந்து தப்ப முகத்தைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன். அவர் விசிலை வாயில்கூட வைக்கவில்லை. கையால் தரையைக் காட்டினார். கிட.

கிடந்தேன். கோபத்தில் முதலில் எதுவும் தெரியவில்லை. நான் காலி செய்த கோலுக்கு கெப்டன் ஓடிவந்து நின்றுகொண்டு, வேண்டுமென்றே எல்லாப் பந்தையும் தடுத்தான். கோல் விழவே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக உடம்பு தளர்ந்தது. மேலே வானம் மலையிலிருந்து மலைவரை விரிந்து கிடந்தது. வௌவால்கள் இரண்டிரண்டாகத் தெற்கே போயின. கன்னத்தில் ஈரப் புல். காதுக்குள் தரை தடதடத்தது, தூரத்தில் யாரோ நெல் குத்துவது போல. அந்தத் தடதடப்புக்குள் ஒரு கனமான அடி தனியாகப் பிரிந்தது. அது கெப்டன். ஒரு தூறல் பிரிந்தது. கலேவெலக்காரன். முதுகை வைத்து மட்டுமே எனக்குத் தெரிந்திருந்த ஆட்கள் ஒவ்வொருவராகத் தரைக்குள்ளிருந்து என் காதுக்கு வந்தார்கள். கடைசியில், ஆணி இல்லாத ஒரு மெல்லிய நடை, ஒரு கால் கொஞ்சம் இழுத்தபடி, என்னைச் சுற்றி ஒரு தடவை வந்து போனது. கண்ணை மூடிக்கொண்டேன். எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று இன்றுவரை தெரியாது. தூங்கிவிட்டேன் என்று கெப்டன் சொல்கிறான். அது பொய்.

அந்த வருடம் நாங்கள் நன்றாகவும் விளையாடவில்லை, ரொம்ப மோசமாகவும் விளையாடவில்லை. ஆனால் பஸ்ஸில் இடம் மாறிப்போயிற்று. எப்போது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. ஒரு நாள் பார்த்தால் கலேவெலக்காரன் என் தோளில் சாய்ந்து வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான், கெப்டன் கடைசி இருக்கையில் எங்கள் கருவாட்டுப் பார்சலைத் திறந்து மோப்பம் பிடிக்கிறான்.

நோன்பு மாதம் வந்தது. மேல் பிரிவில் நிற்க எங்களுக்கு ஒரு சமநிலை தேவைப்பட்டது. மிச்சம் இருந்ததும் ஒரே ஓர் ஆட்டம். தோற்றால் கீழ்ப் பிரிவு. கீழ்ப் பிரிவில் சம்பள அணி நடத்த யாராலும் முடியாது. ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகு, நான் வலைகளை மடிக்கிற இடத்துக்குப் பயிற்றுவிப்பாளர் வந்தார். ஒரு முனையை அவர் பிடித்தார். ஒரு முனையை நான் பிடித்தேன்.

“தம்பி, ஆட்டம் பாங்கு நேரத்துக்கு இழுபட்டா என்ன செய்வீங்க?”

“ஒரு பழக்கம் இருக்குங்க சேர்.”

“கேள்விப்பட்டேன். அதுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன். நிப்பாட்டச் சொல்லவும்தான் வந்தேன்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “நான் எனக்காகவா விழுந்தேன்? உங்க ஆளுங்க தண்ணி குடிக்கத்தானே விழுந்தேன்.”

“தெரியும் தம்பி. நோன்பு எங்கட. அதத் தொறக்க நீங்க பொய் சொல்லுறது எனக்குப் புடிக்கல்ல.” வலையை இன்னொரு மடிப்பு மடித்தார். “ஒருக்காவது ரெஃப்ரிக்கிட்ட கேட்டுப் பாத்தீங்களா?”

இத்தனை நோன்பு மாதத்தில், இத்தனை ஆட்டத்தில், ஒருவரும் கேட்டதில்லை. கேட்கலாம் என்ற நினைப்பே எங்களுக்கு வந்ததில்லை. அம்மா கூடையோடு உட்கார்ந்து முனகுவது கண்ணுக்கு முன்னால் வந்தது. எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது, எதற்கென்று தெரியவில்லை.

“நான் கேக்குறேன்” என்றார். “நீங்க விழ மாட்டேன்னு ஒரு சொல்லு மட்டும் தாங்க.”

“விழ மாட்டேன் சேர்.”

“சரி” என்று வலையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

உண்மைதானா, மறக்க மாட்டீங்களே, பாத்துக்கிறேன் என்று ஒரு வார்த்தை அவர் சேர்த்திருந்தால் நான் அதை மறந்துபோயிருப்பேன். அவர் சேர்க்கவில்லை. முன்பிருந்த பயிற்றுவிப்பாளர் என்னை நடிகன் என்று கூப்பிடுவார். மத்தியஸ்தர்கள் என்னைக் கண்டதும், இன்னைக்கு எந்தக் கால் என்று சிரிப்பார்கள். நான் சொன்னதை இவர் சொன்னபடியே எடுத்துக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, சமநிலையைப் பற்றி யோசிக்கவே இல்லை. அந்தச் சொல்லைக் கீழே போடாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதுதான் மனதில் ஓடியது.

ஆட்டத்தன்று மத்தியானம் இடியோடு மழை கொட்டியது. தொடக்கம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிந்தியது. கணக்குப் போட்டுப் பார்த்தால் கடைசிப் பத்து நிமிடத்துக்குள் பாங்கு. பயிற்றுவிப்பாளர் மத்தியஸ்தரிடம் போய்ப் பேசினார். மத்தியஸ்தர் சிங்களவர், இளையவர். கொஞ்ச நேரம் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, பாங்கு சொன்ன பிறகு பந்து முதல் தடவை வெளியே போகும்போது ஒரு நிமிடம் தருகிறேன், இரண்டு அணியும் குடிக்கட்டும் என்றாராம். அவ்வளவு சுலபம். எங்கள் ஆட்கள் நம்பவில்லை.

“ரெஃப்ரி சொல்லுவாரு, நேரம் வந்தா மறந்துடுவாரு” என்றான் கெப்டன் என் காதில். “விழுறதுக்கு நீ ஈக்கிறதானே மச்சான்.”

“நான் விழ மாட்டேன்டா. சேர்கிட்டச் சொல்லிட்டேன்.”

அவன் கண்ணைச் சிமிட்டிச் சிரித்தான். நான் நடிப்பை அப்போதே ஆரம்பித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டான் போல. கலேவெலக்காரன் காலுறையைத் தட்டிக் காட்டினான். “அய்யே, பழம் இருக்கு” என்று அண்ணனைச் சிங்களத்திலும் மிச்சத்தை அவனுக்குத் தெரிந்த தமிழிலும் சொன்னான்.

மழைக்குப் பிந்திய வெளிச்சம் ஒரு மாதிரி மஞ்சளாக இருந்தது. புல்லிலிருந்து ஆவி எழுந்தது. ஆட்கள் முழங்கால்வரை அதற்குள் நின்றார்கள். இடைவேளைக்கு முன் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள், பிறகு கலேவெலக்காரன் ஒன்று போட்டான். ஒன்றுக்கு ஒன்று. இப்படியே முடிந்தால் போதும். இரண்டு பேருக்குத் தசை பிடித்தது, ஒருவன் கணுக்கால் சுளுக்கினான். மாற்று ஆட்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். பயிற்றுவிப்பாளர் கோட்டோரமாக நின்றார். அவரும் நோன்பு. கையில் திறக்காத ஒரு தண்ணீர்ப் போத்தல். மலை முதலில் நீலமாகி, பிறகு சாம்பலாகி, பிறகு வானத்தோடு சேர்ந்தது. நோன்பிருந்தவர்களின் கால்கள் மெதுவாகிக்கொண்டே வந்தன. கெப்டனின் கழுத்துப் பின்புறத்தைப் பார்த்தேன். வியர்வை காய்ந்துபோயிருந்தது.

எதிரணிக்கு மூலை உதை கிடைத்தது. பந்து மேலே எழுந்த நேரத்தில் பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது.

என் திட்டம் எனக்குத் தெளிவாக இருந்தது. பிடிக்க வேண்டும், பிடித்ததும் வெளியே உதைக்க வேண்டும், மத்தியஸ்தர் ஒரு நிமிடம் தருவார், யாரும் யாருக்கும் பொய் சொல்ல வேண்டியதில்லை. பந்து மெதுவாகச் சுழன்றபடி வந்தது. அவ்வளவு மெதுவாக ஒரு பந்து என் வாழ்க்கையில் வந்ததில்லை. தாவினேன். இரண்டு கைக்குள்ளும் வந்து உட்கார்ந்தது. கராம்பு வாசம். யாரும் என்னைத் தொடவில்லை. கீழே வரும்போது கால் சறுக்கியது. பந்தை விடாமல் இடது தோளில் விழுந்தேன். உள்ளே ஏதோ காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம் கேட்டது.

விசில் ஒலித்தது. மூச்சு வரவில்லை. கத்த நினைத்தேன், வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அப்படியே கன்னம் புல்லில் படிந்தது.

எனக்கு மேலே யாரோ சிரிப்பது கேட்டது. எதிரணிக்காரன் ஒருவன். அவனுக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். மாத்தளைக் கீப்பர் பாங்கு நேரத்துக்கு விழுவான். “நல்லா விழுந்த மச்சான்!” என்றது கெப்டனின் குரல். அந்தக் குரலில் எவ்வளவு சந்தோசம். பிறகு தரைக்குள் கேட்டேன். கனமான இடது கால் என்னை விட்டு விலகி ஓடியது. தூறல் விலகி ஓடியது. ஒவ்வொன்றாக, எனக்குத் தெரிந்த அத்தனை கால்களும் கோட்டை நோக்கி, தண்ணீரை நோக்கி ஓடின. நான் அவர்களைக் கோபிக்கவில்லை. குடியுங்கள் என்றுதான் நினைத்தேன். அந்த வலிக்கு நடுவிலும், அவர்கள் குடிப்பது எனக்கு இனிமையாக இருந்தது. ஒன்றை மட்டும்தான் தாங்க முடியவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருப்பார். சொல் தந்தவன் சரியாகப் பாங்கு நேரத்துக்கு விழுந்து கிடப்பதை, கையில் போத்தலோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பார். எழுந்திரு என்று உடம்பிடம் கெஞ்சினேன். எலும்பு முறிந்தவனாக இருப்பதைவிடப் பொய்யனாக இருப்பது எனக்குப் பயமாக இருந்தது. உடம்பு எழவில்லை. விழுந்தவன் கிடந்தேன்.

பாங்கு நீண்டு, மலையில் பட்டுத் திரும்பி வந்தது. வானத்தில் ஒரு வௌவால் தனியாகப் போனது. அப்போதுதான் தரைக்குள் ஒரு சத்தம் என் பக்கமாக வந்தது. ஆணி இல்லாத கால். ஒரு கால் இழுத்தபடி. அது நடக்கவில்லை, ஓடி வந்தது. அந்தக் காலால் அவர் ஓடி நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அதற்குள் மத்தியஸ்தர் என் தலைமாட்டில் வந்து நின்றார். கை சட்டைப் பைக்குள் இருந்தது, அட்டையின் மஞ்சள் ஓரம் தெரிந்தது. பயிற்றுவிப்பாளர் என் பக்கத்தில் முழங்காலில் விழுந்தார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, நேரே தோளைத்தான் பார்த்தார். சிங்களத்தில் மத்தியஸ்தரிடம் சொன்னார்: “விழ மாட்டேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் இது காயம்.”

மத்தியஸ்தர் குனிந்து பார்த்தார். சட்டைக்குள் எலும்பு மேடாக நின்றது. பையிலிருந்து கை வெறுமையாக வெளியே வந்தது.

கெப்டன் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தான். “போதும் எழும்பு மச்சான், எல்லாரும் குடிச்சாச்சு” என்று தொடங்கியவன், பாதியில் நிறுத்தினான். அவன் முகத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என் கையுறைகளை மெதுவாகக் கழற்றி எடுத்துக்கொண்டான். வேறு ஆள் இல்லை, கோலுக்கு அவன்தான் போனான்.

என்னைக் கோட்டுக்கு வெளியே தூக்கிவந்து வாங்குப் பலகை மேல் சாய்த்து உட்கார வைத்தார்கள். முதலுதவிக்காரர் வண்டியை வாசலுக்குக் கொண்டுவர ஓடினார். கை தொங்கினால் வலி உயிர் போனது. பயிற்றுவிப்பாளர் பக்கத்தில் உட்கார்ந்து, என் இடது கையைத் தன் வலது கையால் என் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அப்படியே உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தோம். பத்துப் பேர், கோலுக்குள் ஒரு பின்வரிசைக்காரன். அவர் கத்தவில்லை. கெப்டன் ஒரு பந்தைக் காலால் தடுத்தான், இன்னொன்றை நெஞ்சால் வாங்கினான், மூன்றாவது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இருட்டிக்கொண்டு வந்த அந்த வெளிச்சத்தில் முதன்முறையாக எங்கள் ஆட்களைப் பக்கவாட்டில் பார்த்தேன். எல்லாருக்கும் முகம் இருந்தது. விசில் ஒலித்தது. ஒன்றுக்கு ஒன்று. கலேவெலக்காரன் புல்லில் மல்லாந்து படுத்துக் கைகளை விரித்தான். கெப்டன் கையுறைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் கவனித்தேன். பயிற்றுவிப்பாளரின் இடது கையில் அந்தப் போத்தல் அப்படியே இருந்தது. மூடியின் வளையம் அறுந்திருக்கவில்லை.

“சேர், நீங்க இன்னும் நோன்பு தொறக்கல்லையா?”

அவர் போத்தலைப் பார்த்தார். உண்மையிலேயே மறந்துபோயிருந்தார். ஒரு கையால் திறக்கப் பார்த்தார், முடியவில்லை. மற்றக் கையை எடுத்தால் என் தோள் சரியும். எடுக்கவில்லை. நான் என் வலது கையை நீட்டிப் போத்தலை இறுக்கிப் பிடித்தேன். அவர் மூடியைத் திருகினார். கொஞ்சம் தண்ணீர் எங்கள் இருவர் மடியிலும் சிந்தியது. பிஸ்மில்லாஹ் என்று சொல்லி மூன்று மிடறு குடித்தார்.

“ரொம்ப வலிக்குதுங்க சேர்” என்றேன்.

“தெரியும் தம்பி” என்றார்.